வாளியில் ஊற்றினால் யுரேனியம் எப்படி ஆளைக் கொல்லும்?

கேள்வி இது: "ஜப்பானில் யுரேனியத்தை வாளியில் எடுத்து ஊற்றியபோது ஊழியர்கள் இறந்துபோனார்கள் என்று படித்தேன். குண்டு வெடிக்கவில்லை, உலை உருகவில்லை, தீப்பிடிக்கவும் இல்லை. வெறுமனே ஊற்றியதில் எப்படிச் சாவு? இவ்வளவு அலட்சியமாகவா வேலை செய்வார்கள்? கல்பாக்கத்தில் இப்படி நடக்க வாய்ப்பு உண்டா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். "அலட்சியம்" என்ற சொல்லைப் பற்றி மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த விபத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லோடு ஆரம்பித்து அதோடேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மூன்று பேரும் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் உங்களுக்கும் வேறு மாதிரி தோன்றலாம்.

முதலில் யுரேனியம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்ப்போம். யுரேனியம்-235 அணு ஒன்று பிளந்தால் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளியே தெறிக்கும். அவற்றில் ஒன்றாவது இன்னொரு அணுவைப் பிளந்தால் வினை தொடரும். எல்லா நியூட்ரான்களும் பாத்திரத்தை விட்டு வெளியே ஓடிவிட்டால் வினை அங்கேயே அணைந்துவிடும். ஆக, எவ்வளவு யுரேனியம் இருக்கிறது என்பதோடு, நியூட்ரான்கள் வெளியே தப்பிப் போக வழி இருக்கிறதா என்பதும் முக்கியம். அந்த வழியைத் தீர்மானிப்பது பாத்திரத்தின் வடிவம்.

சமையலறையில் இதைத் தினமும் பார்க்கிறோம். வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். அதே சோறு குண்டானிலேயே இருந்தால் மணிக்கணக்கில் சூடாக இருக்கும். சோறு ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். பரப்பி வைக்கும்போது சூடு வெளியேற இடம் அதிகம். யுரேனியக் கரைசலும் இப்படித்தான். ஒல்லியான நெடுங்குழாயில் இருக்கும்போது நியூட்ரான்கள் பக்கவாட்டில் தப்பிவிடும். அதே கரைசலைப் பானை மாதிரி உருண்டு திரண்ட பாத்திரத்தில் ஊற்றினால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு கட்டத்தில் தொடர்வினை தானாகவே ஓட ஆரம்பிக்கும். இதைத்தான் கிரிட்டிகல் ஆவது என்று சொல்வார்கள். இதற்குத் தீக்குச்சி வேண்டாம், பொத்தான் வேண்டாம். அளவும் வடிவமும் சேர்ந்து வந்தால் போதும்.

இன்னொன்று, தண்ணீர். நியூட்ரான்களின் வேகத்தைத் தண்ணீர் குறைக்கிறது. மெதுவாகப் போகிற நியூட்ரானுக்குத்தான் யுரேனியம்-235ஐப் பிளக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் பொடியாக இருக்கும்போது சாதுவாகக் கிடக்கிற அதே யுரேனியம், கரைசலாக மாறும்போது பல மடங்கு கவனம் கேட்கிறது. பாத்திரத்தைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் இன்னும் மோசம். தப்பி ஓடும் நியூட்ரான்களை அது உள்ளேயே திருப்பி அனுப்பும்.

சரி, டோக்கைமுராவுக்கு வருவோம். டோக்கியோவுக்கு வடகிழக்கே இபராக்கி மாகாணத்தில் இருக்கிற கிராமம் அது. ஜேசிஓ என்ற நிறுவனம் அங்கே யுரேனியத்தை எரிபொருளாக மாற்றித் தரும் வேலையைச் செய்துவந்தது. வழக்கமாக அங்கே வந்தது அணுமின் உலைகளுக்கான 5 சதவீதத்துக்கும் குறைவான செறிவுள்ள யுரேனியம். (செறிவு என்றால் அதில் யுரேனியம்-235இன் பங்கு.) 1999 செப்டம்பரில் கையில் இருந்தது வேறு சரக்கு. ஜோயோ என்ற ஆய்வு உலைக்கான 18.8 சதவீதச் செறிவுள்ள யுரேனியம். இது எப்போதாவது வருகிற வேலை. அதற்கு முன் அங்கே இதைச் செய்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அரசு ஒப்புக்கொண்ட செய்முறை இப்படி: யுரேனிய ஆக்சைடை நைட்ரிக் அமிலத்தில் ஒரு தொட்டியில் கரைக்க வேண்டும். அங்கிருந்து பம்பு மூலம் ஒல்லியான, உயரமான ஒரு குழாய்த் தொட்டிக்கு அனுப்பிக் கலக்க வேண்டும். அப்புறம்தான் அளந்து அடுத்த தொட்டிக்கு விட வேண்டும். அந்த அடுத்த தொட்டி அகலமானது. அதற்குள் ஒரு நேரத்தில் 2.4 கிலோ யுரேனியத்துக்கு மேல் போகக் கூடாது.

நடைமுறையில் என்ன ஆயிற்று? தொட்டியில் கரைத்து, கழுவி, மறுபடி கரைப்பதற்கு நேரம் பிடித்தது. துருப்பிடிக்காத எஃகு வாளியில் கரைத்தால் வேலை சீக்கிரம் முடிந்தது. இதை யாரோ ஒருவர் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. நிறுவனமே, அரசின் ஒப்புதல் இல்லாமல், வாளியில் கரைப்பதைத் தன் கையேட்டில் எழுதி வைத்திருந்தது. ஆக, அந்த மூவரும் வேலைக்கு வந்தபோது வாளி என்பது அங்கே விதிமீறலாகவே தெரியவில்லை. அது மேலிடம் சொல்லிக்கொடுத்த முறை.

அவர்களாக எடுத்துவைத்த அடி ஒன்றே ஒன்றுதான். ஒல்லிக் குழாய்த் தொட்டியின் வாய்க்குழாய் தரையை ஒட்டி இருந்தது. அதிலிருந்து கரைசலைப் பிடிப்பது சிரமம். பக்கத்தில் இருந்த அகலத் தொட்டியிலோ கலக்கிக் கொடுக்கும் துடுப்பு இருந்தது, எடுப்பதும் சுலபம். அதனால் குழாய்த் தொட்டியை விட்டுவிட்டு அகலத் தொட்டியிலேயே நேராக ஊற்றினார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் இப்படி ஒரு சுலப வழி கண்டுபிடிக்கிற ஆளைக் கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டிக்கொடுப்போம். குழாய்த் தொட்டி ஏன் அவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் புரியும்படி சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நம்புகிறேன்.

செப்டம்பர் 29 அன்று நான்கு வாளி ஊற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை மிச்சம் மூன்று. ஒருவர் தொட்டியை ஒட்டி நின்று புனலைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சற்று மேலே நின்று வாளியைச் சாய்த்தார். மேற்பார்வையாளர் சில மீட்டர் தள்ளி, அறைக்கு வெளியே மேசையில் இருந்தார். காலை 10:35. ஏழாவது வாளி விழுந்துகொண்டிருக்கும்போது தொட்டிக்குள் ஏறக்குறைய 16 கிலோ யுரேனியம் சேர்ந்துவிட்டது. நீல ஒளி ஒன்று பளிச்சென்று அடித்தது. கதிரியக்க மணி அலறியது.

ஆறாவது வாளி வரை ஒன்றுமில்லை, ஏழாவது வாளியில் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த வேலையில் ஆளை ஏமாற்றுவது இதுதான். அடுப்பு சுடும் முன் அனல் தெரியும். கேஸ் கசிந்தால் நாற்றம் வரும். கம்பி அறும் முன் முறுக்கு பிரியும். யுரேனியக் கரைசல் எந்தக் குறிப்பும் காட்டாது. எல்லைக்கு ஒரு கிண்ணம் குறைவாக இருக்கும்போதும், பத்து வாளி குறைவாக இருக்கும்போதும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். கண், மூக்கு, கை என்று ஒரு தொழிலாளி வருடக்கணக்கில் பழக்கி வைத்திருக்கிற எதுவும் இங்கே உதவாது.

வெடிக்கவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். கரைசல் கிரிட்டிகல் ஆனதும் சூடேறி உள்ளே குமிழிகள் கிளம்பும். குமிழி கிளம்பினால் கரைசல் விரியும், அடர்த்தி குறையும், நியூட்ரான்கள் தப்பிக்க மறுபடி வழி கிடைக்கும். வினை தளர்ந்துவிடும். ஆனால் தளர்ந்ததும் ஆறும், ஆறினால் மறுபடி கூடும். டோக்கைமுராவில் இது சுமார் 20 மணி நேரம் நடந்தது. அந்தத் தொட்டியைச் சுற்றிக் குளிர்விக்கும் தண்ணீர் உறை ஒன்று இருந்தது. அது நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததால் வினை அணையவே இல்லை. கிராமத்துக்கு நடுவில், மூடியில்லாத உலை ஒன்று ராத்திரி முழுக்க எரிந்த மாதிரிதான்.

அந்த 20 மணி நேரத்தில் பிளந்த யுரேனியம் மொத்தம் எவ்வளவு தெரியுமா? சுமார் 1 மில்லிகிராம். உப்புக்கல் ஒன்றை விடக் குறைவு.

புனலைப் பிடித்திருந்தவருக்கு 35 வயது. அவர் உடலில் பாய்ந்தது 16 முதல் 20 கிரே அளவுக்கு இணையான கதிர்வீச்சு என்று கணக்கிட்டார்கள். (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே.) சிகிச்சை இல்லாமல் 4 அல்லது 5 கிரே வாங்கினாலே பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அவருடைய எலும்பு மஜ்ஜை அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது குரோமோசோம்கள் நொறுங்கிக் கிடந்தன. அதாவது புதிய தோல், புதிய ரத்தம், புதிய குடல்சுவர் உண்டாக்குவதற்கான கட்டளையே உடலில் இல்லை. சகோதரியிடமிருந்து ரத்தக் குருத்தணுக்களை எடுத்து ஏற்றிப் பார்த்தார்கள். டிசம்பர் 21 அன்று இறந்தார். வாளியைச் சாய்த்தவர் 2000 ஏப்ரல் 27 அன்று இறந்தார். மேற்பார்வையாளர் பிழைத்தார். சில மீட்டர் இடைவெளி அவரைக் காப்பாற்றியது. (முதல் நோயாளியின் படங்கள் என்று இணையத்தில் சில சுற்றுகின்றன. தயவுசெய்து அவற்றைப் பகிராதீர்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.)

அவர்கள் வாங்கிய அளவைக் கண்டுபிடித்த விதம் இன்னொரு விஷயத்தையும் காட்டுகிறது. நியூட்ரான் பாய்ந்தால் ரத்தத்தில் இருக்கிற சாதாரண சோடியமே கதிரியக்கச் சோடியமாக மாறிவிடும். அதை அளந்துதான் கணக்குப் போட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகள்வரை எவ்வளவு நியூட்ரான் போயிற்று என்று அறிய, வீடுகளில் கிடந்த 5 யென் பித்தளைக் காசுகளை வாங்கி ஆராய்ந்தார்கள். பித்தளையில் உள்ள துத்தநாகம் அந்தத் தடயத்தை வைத்திருந்தது.

வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது கதிரியக்க விபத்து என்று சொல்லவில்லை. வந்த மூன்று பேரும் பாதுகாப்பு உடை இல்லாமல் உள்ளே போய்க் கதிர்வீச்சு வாங்கினார்கள். அன்று மதியம் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், 350 மீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்றச் சொன்னவர் கிராமத் தலைவர் தட்சுயா முராகாமி. 10 கிலோமீட்டர் சுற்றில் ஏறக்குறைய 3,10,000 பேரை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அப்புறம் நள்ளிரவு தாண்டி அந்தத் தண்ணீர் உறையைக் காலி செய்யும் வேலை. கிட்டப் போனால் நிமிடக் கணக்கில்தான் நிற்க முடியும். நிறுவனத்தின் ஊழியர்களே 18 பேர் இரண்டிரண்டாக, மாறி மாறி ஓடிப் போய், குழாயை உடைத்துத் தண்ணீரை வடித்தார்கள். விடிகாலையில் வினை நின்றது. பிறகு போரிக் அமிலத்தை ஊற்றினார்கள். போரான் நியூட்ரான்களை விழுங்கிவிடும்.

அந்தக் கட்டடத்துக்கு உரிமம் கொடுக்கும்போதே, இங்கே கிரிட்டிகல் விபத்து நடக்காது என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நடக்காது என்று எழுதிவிட்டால் அதற்கான எச்சரிக்கைக் கருவியும் வேண்டாம், அணைக்கும் ஏற்பாடும் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. 2003இல் ஜேசிஓவைச் சேர்ந்த ஆறு பேருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த ஆறு பேரில் பிழைத்த மேற்பார்வையாளரும் ஒருவர். ஆய்வு செய்து ஒப்புதல் கொடுத்த அரசுத் தரப்பிலிருந்து அந்தக் கூண்டில் யாரும் ஏறவில்லை. இது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

இன்னும் வருத்தம் என்னவென்றால், இதே விபத்து 35 வருடம் முன்பே நடந்து பாடமாகியிருந்தது. 1964 ஜூலையில் அமெரிக்காவில் ரோட் ஐலண்டின் வுட் ரிவர் ஜங்ஷனில், ஒல்லியான பாட்டிலில் இருந்த யுரேனியக் கரைசலை வீரியம் குறைந்த கழுவுநீர் என்று நினைத்து ஒருவர் அகலமான தொட்டியில் கவிழ்த்தார். 49 மணி நேரத்தில் இறந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து அதிகாரிகள் உள்ளே போய்க் கலக்கியை நிறுத்தியதும், சுழன்று விரிந்திருந்த கரைசல் அடங்கி வடிவம் மாறியது. இரண்டாம் முறையும் கிரிட்டிகல் ஆயிற்று. 1958இல் ரஷ்யாவின் மயாக் அணு ஆலையில் இன்னும் துயரம். சோதனைத் தொட்டியைக் குழாய் வழியாக வடிக்க நேரமாகும் என்று மூவர் அதைக் கழற்றிக் கையாலேயே சாய்த்தார்கள். சாய்ந்ததும் கரைசலின் வடிவம் மாறியது. சுற்றி நின்ற அவர்களுடைய உடல்களே நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பின. மனித உடலில் பெரும்பங்கு தண்ணீர்தானே. மூவருமே ஒரு வாரத்துக்குள் இறந்தார்கள்.

2000 வரை ஆலைகளில் நடந்ததாகப் பதிவான கிரிட்டிகல் விபத்துகள் 22. அவற்றில் 21 கரைசலிலோ குழம்பிலோ நடந்தவை. ஒன்றே ஒன்றுதான் உலோகக் கட்டிகளில். ஆய்வுக்கூடங்களில் நடந்தவை தனிக் கணக்கு. அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வுக்கூடமான லாஸ் அலமோஸில் 1945 ஆகஸ்ட் 21 அன்று ஹாரி டாக்லியன் புளூட்டோனிய உருண்டையைச் சுற்றி, நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பும் கட்டிகளை அடுக்கும்போது ஒரு கட்டி கைதவறி அதன் மேலேயே விழுந்தது. ஒன்பது மாதம் கழித்து அதே உருண்டைதான் லூயிஸ் ஸ்லோட்டினையும் கொன்றது. பெரிலியக் கிண்ணம் முழுதாக மூடிவிடாமல் அவர் இடுக்கில் கொடுத்திருந்தது ஒரு சாதாரண ஸ்க்ரூடிரைவர். அது நழுவியது. ஸ்லோட்டின் இந்தத் துறையின் பெரிய நிபுணர்களில் ஒருவர், தொடர்வினையின் கணக்கை நன்றாக அறிந்தவர். அதனால்தான் அலட்சியம், அறியாமை என்ற சொற்கள் எனக்குப் போதவில்லை. கையையும் கவனத்தையும் நம்பி நின்ற ஏற்பாடு என்றாவது ஒருநாள் நழுவும். அவர் இறந்த பிறகுதான் அந்தச் சோதனைகளைத் தூரத்திலிருந்து இயந்திரத்தால் செய்ய ஆரம்பித்தார்கள்.

இன்றைய ஏற்பாடுகளில் நல்லவை எல்லாம் இந்தச் சாவுகளிலிருந்து வந்தவைதான். எதை ஊற்றினாலும் கிரிட்டிகல் ஆக முடியாத அளவுக்கு ஒல்லியாகவோ, பலகை மாதிரித் தட்டையாகவோ தொட்டியைச் செய்துவிடுவது. அகலத் தொட்டி வைத்தே தீர வேண்டும் என்றால் உள்ளே போரான் கலந்த கண்ணாடி வளையங்களை நிரப்பி வைப்பது. டப்பாக்களைக் கூண்டு மாதிரிச் சட்டத்தில் மாட்டி, எப்படி அடுக்கினாலும் ஒன்றுக்கொன்று நெருங்காமல் பார்த்துக்கொள்வது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு தவறுகள் ஒரே நேரத்தில் நடந்தாலொழிய விபத்து வரக் கூடாது என்பது வடிவமைப்பில் அடிப்படை விதி. இவற்றில் எதற்குமே ஊழியர் அன்று நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது கல்பாக்கம். அங்கே இருக்கிற சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளுக்கும் எரிபொருள் இயற்கை யுரேனியம். அதில் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். சாதாரணத் தண்ணீரில் எவ்வளவு கரைத்தாலும், எந்த அண்டாவில் ஊற்றினாலும் அது கிரிட்டிகல் ஆகாது. கூடங்குளத்துக்கு ரஷ்யாவிலிருந்து செறிவூட்டிய யுரேனியம் வருகிறது என்றாலும், அது முடிக்கப்பட்ட எரிபொருள் கட்டுகளாகவே வருகிறது. அங்கே யாரும் அதைக் கரைப்பதில்லை. கல்பாக்கத்தில் இந்தக் கவலைக்கு இடம் இருப்பது மறுசுத்திகரிப்பு ஆலைகளில். உலையில் எரிந்த எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரிப்பது அங்கேதான். புளூட்டோனியம் சில நூறு கிராம் அளவிலேயே, தோதான கரைசலும் வடிவமும் அமைந்தால், கிரிட்டிகல் ஆகக்கூடியது. அதனால்தான் நான் மேலே சொன்ன வடிவக் கட்டுப்பாடுகள் அந்த வகை ஆலைகளின் உயிர்நாடி.

அங்கே நடந்த பெரிய விபத்து கிரிட்டிகல் வகை இல்லை. ஆனால் டோக்கைமுராவைப் படித்த யாருக்கும் அது பழக்கப்பட்டதாகத்தான் இருக்கும். 2003 ஜனவரி 21. மறுசுத்திகரிப்பு ஆலையின் கழிவுத் தொட்டிகள் பகுதியில், வீரியம் குறைந்த கழிவிலிருந்து மாதிரி எடுக்கும் வேலை. தினசரி நடக்கிற, யாரும் பயப்படாத வேலை. இடையில் ஒரு வால்வு பழுதாகி, வீரியம் மிகுந்த கழிவு அந்தத் தொட்டிக்குள் வந்துவிட்டிருந்தது. மாதிரி எடுத்தவர்களுக்கு அது தெரிய எந்த வழியும் இல்லை. ஆலை ஓட ஆரம்பித்துச் சுமார் ஐந்து வருடம் ஆகியும் அந்த இடத்தில் கதிரியக்கம் காட்டும் கருவி பொருத்தப்படவில்லை. வால்வு கெட்டால் சொல்லும் ஏற்பாடும் இல்லை. எடுத்த மாதிரியைச் சோதித்தபோதுதான் விஷயமே தெரிந்தது. ஆறு பேர் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை கதிர்வீச்சு வாங்கியிருந்தார்கள். (உடலுக்கு ஏற்படும் பாதிப்பைக் கணக்கில் எடுத்துக் கதிர்வீச்சை அளக்கும் அலகு இது.) இந்தியாவில் கதிரியக்கப் பணியாளர் ஒருவருக்கு ஓராண்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 30 மில்லிசீவர்ட்.

அந்த ஆறு பேரும், உடலில் பட்ட கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பேட்ஜ் அணியக்கூடிய, பயிற்சி பெற்ற அணுசக்தித் துறை ஊழியர்கள். பேட்ஜ் எவ்வளவு வாங்கினாய் என்று பின்னால்தான் சொல்லும், இப்போது உள்ளே போகாதே என்று சொல்லாது. அந்த வேலையைச் சுவரில் மாட்டிய கருவிதான் செய்ய வேண்டும், அது அங்கே இல்லை. பொதுமக்களுக்கு இந்தச் செய்தி தெரியவே பல மாதங்கள் ஆயின.

அலட்சியம் யாருடையது என்பதை இந்த இடத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். விபத்து நடந்து சில நாட்களிலேயே அங்கிருந்த ஊழியர் சங்கம், ஆலையை நடத்திய பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநருக்குக் கடிதம் எழுதியது. அதில் பத்துக் கோரிக்கைகள் இருந்தன, பத்தும் பாதுகாப்பைப் பற்றியவை. அவற்றில் ஒன்று, ஆலைக்கு முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது.